காற்று குடித்த லோரி

சிமெண்டு விலை மறுபடியும் ஏறிய வாரத்தில், கிள்ளான் மேரு சாலைச் சமிக்ஞை விளக்கருகே, செங்கல் ஏற்றிய புனிதாவின் லோரி தரையைவிட்டு ஒரு முழம் மேலே எழுந்தது. பச்சை விழுந்ததும் பின்னாலிருந்த கார்கள் ஹாரன் அடித்தன. பின்சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தும் லோரி நகரவில்லை என்பதுதான் அவர்களுடைய குறை. கொஞ்ச நேரம் அது அப்படியே நின்று, இருமி, வெள்ளைப் புகை கக்கியது. இஞ்சின் அணைந்த பிறகு, சாப்பிட்டு முடித்த யானையைப் போல மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. ஒரு செங்கல்கூட விரிசல் விடவில்லை. சாலையோரம் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து அடியில் குனிந்து பார்த்தார். "டீசல் குழாயில காத்து பூந்திருக்குக்கா," என்று சொல்லிவிட்டுத் தன் வியாபாரத்துக்குத் திரும்பினார்.

அந்த லோரி புனிதாவின் கல்யாணத்தைவிட மூத்தது. ஷா ஆலாமில் அவள் வேலை செய்த வானொலிப் பெட்டித் தொழிற்சாலை, ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், தான் வேறு நாட்டுக்குப் போவதாக அறிவித்தது. கூட வேலை பார்த்த பெண்கள் சிலர் தையலுக்கும் சிலர் கேக் வகுப்புக்கும் போனார்கள். புனிதா கனரக வாகன உரிமம் எடுக்கப் போனாள். முதல் தேர்வில் தோற்று, இரண்டாவதில் தேறி, பண்டாமாரானில் ஒரு கொட்டகையின் பின்னால் செடி முளைத்துக் கிடந்த பழைய ஜப்பான் லோரியை வாங்கி வந்தாள். சாயம் போன நீல நிறம். சாமான் ஏற்றப் போன கடைகளில் எல்லாம் "டிரைவர் எங்க?" என்று கேட்டார்கள். அவள் குதித்திறங்கிப் பின்கதவைத் திறந்துவிடுவாள். கொஞ்ச காலத்தில் அந்தக் கேள்வியும் நின்றுபோனது. அவள் புருஷன் குகன் கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். நல்லவன், உழைப்பாளி, ஆனால் உயரத்துக்குப் பயந்தவன். கிரேன் ஓட்டும் பதவி உயர்வு தேடி வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டவன். வீட்டில் மின்விளக்கு மாற்ற ஸ்டூலில் ஏறுவது புனிதாதான்.

அன்று தொடங்கி லோரி அடிக்கடி எழுந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஆனதும் ஒரு சீராக ஓடாமல் ஏறி இறங்கி முனகும், மேடு வந்தால் மூச்சு வாங்கும், பிறகு சக்கரம் தரையை விட்டுவிடும். புனிதா ஃபில்டரை மாற்றினாள். டீசலில் சேர்ந்திருந்த தண்ணீரை வடித்தாள். குழாய்களின் கிளிப்புகளை எல்லாம் ஸ்பானர் வைத்து இறுக்கினாள். எங்கேயும் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை, அதுதான் தொல்லையே. வெளியே ஒழுகும் ஓட்டையைக் கண் பார்த்துவிடும். பம்பு இழுக்கும் பக்கத்தில் இருக்கும் ஓட்டையோ டீசலை வெளியே விடாது, காற்றை உள்ளே மட்டும் உறிஞ்சும். அவள் வீட்டுச் சந்தில் இருந்தவர்கள் இரண்டே வாரத்தில் பழகிவிட்டார்கள். அவள் இஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது லோரிக்கு அடியில் பூனைகள் படுத்தன, எதிர்வீட்டுக்காரர் தன் குரோட்டன் செடித்தொட்டிகளை நிழலுக்காக அங்கே நகர்த்தி வைத்தார். பழகாதவர்கள் கடைக்காரர்கள். மிதக்கிற லோரியில் டைல்ஸ் ஏற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. வேலை ஒன்றொன்றாகக் கைவிட்டுப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குகன் பழைய இரும்பு வாங்குகிறவரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான்.

"வித்துரு, புனிதா. அதுக்கும் வயசாயிருச்சு," என்றான்.

"வயசானா வித்துருவோமா? அப்ப உங்கள எங்க கொண்டு போய் விக்கிறது?"

இரும்புக்காரர் சிரித்துவிட்டார். தேநீர் குடித்துவிட்டு, போகிற வழியில் அவரே ஒரு பெயரையும் சொன்னார்: பிரிக்ஃபீல்ட்ஸ் சிவசம்பு.

சிவசம்பு ரயில்வே பணிமனையில் டீசல் எஞ்சின்களைப் பிரித்து மாட்டி ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், வெள்ளைச் சட்டை, சட்டையில் ஒரு கறைகூட விழாமல் வேலை பார்க்கிற கர்வம். கிள்ளானுக்கு ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து குடை பிடித்து நடந்து வந்தார். மிதந்துகொண்டிருந்த லோரியைச் சுற்றி வந்தார், நீண்ட திருப்புளியின் ஒரு முனையைப் பம்பின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். "பம்பிலதான் பிழை, பிள்ளை. வேற எங்கயும் இல்லை," என்றார். பம்பைப் பிரித்தார், வால்வுகளைப் புதிதாகப் போட்டார், மாட்டினார். மூன்று நாள் லோரி ஒழுங்காக ஓடி, நான்காம் நாள் காப்பார் போகும் வழியில் எழுந்துவிட்டது. மறுபடி வந்தார், மறுபடி பிரித்தார். மறுபடியும் அப்படியே ஆனது.

இதற்கிடையில் புனிதா ஒன்றைக் கவனித்திருந்தாள். டேங்க் நிரம்பியிருக்கும் நாட்களில் லோரி சமர்த்தாகத் தரையில் ஓடுகிறது. முள் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அதற்கு மேலே போகத் தோன்றுகிறது. அதைச் சொன்னபோது சிவசம்புவின் முகம் சுருங்கியது.

"அப்ப டேங்க்ல பிழை எண்டு சொல்ல வாறியா?"

"பம்புல இல்லன்னு சொல்றேண்ணே."

"முப்பது வருசம் பம்போட வாழ்ந்தவன் நான்."

"நான் இந்த லோரியோட வாழறேன்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேரும் பேசாமல் இருந்த நாட்களில் புனிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தைவிட, நன்றாகத் தெரிந்த ஒருவரோடு மல்லுக்கட்டும் வாய்ப்பு போய்விட்டதே என்ற ஏக்கம்தான் அதிகம். அடுத்த சனிக்கிழமை காலையில் குடை சந்தின் முனையில் தெரிந்தது. கையில் கொஞ்சம் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாயும் ஒரு டீசல் டின்னும். "ரயிலில் வரேக்க யோசிச்சன். டேங்க்கையும் ஒருக்கால் பார்க்கலாம்," என்றார், அந்த எண்ணம் தனக்கே தோன்றியதைப் போல. புனிதா விட்டுக்கொடுத்தாள். உள்ளே அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, டின்னிலிருந்து நேராகப் பம்புக்குப் பிளாஸ்டிக் குழாயைப் பூட்டினார்கள். ஸ்டார்ட் செய்ததும் டீசல் தேன் போல ஒரே கோடாக ஓடியது. ஒரு குமிழிகூட இல்லை. லோரி தரையில் காலூன்றி நின்றது. பிறகு டேங்கோடு பூட்டினார்கள். குழாய் முழுவதும் மணி மணியாகக் குமிழிகள், லோரி உடனே எழுந்தது. டேங்கின் மூடியைப் பிரித்து, உள்ளே டீசலை இழுக்கும் நெட்டைக் குழாயை வெளியே எடுத்தபோது அதன் நடுப்பகுதியில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் இருந்தது. டீசல் கீறலுக்கு மேலே நிற்கும்வரை தொல்லை இல்லை. கீழே இறங்கிவிட்டால், டீசலுக்குப் பதில் காற்று. ஆனால் காற்றுப் புகுந்த எல்லா லோரியும் எழுவதில்லையே, இது மட்டும் ஏன் எழுகிறது என்று குகன் கேட்டான். சிவசம்பு லோரியின் பக்கவாட்டைத் தட்டினார். "சில லோரி எழும்பும், சில லோரி எழும்பாது. அது லோரியோட குணம்," என்றார். கீறலைப் பித்தளை வைத்துப் பற்றவைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. லோரி மற்ற லோரிகளைப் போல ஓடியது. கடைக்காரர்கள் திரும்ப அழைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தொட்டிகளைத் தன் வாசலுக்கே எடுத்துப் போனார்.

அந்த வருஷம் டிசம்பரில் மழை வெள்ளிக்கிழமை தொடங்கி நிற்காமல் கொட்டியது. ஞாயிறு காலை குகனின் தங்கை தாமரை தொலைபேசியில் அழைத்தாள். ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் நடுவே, தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பில் இருந்தது அவள் வீடு.

"அண்ணி, தண்ணி ஜன்னல தாண்டிருச்சு. நாங்க ஓட்டு மேல ஏறிட்டோம். படகு வருது, ஆனா எங்க ரோட்டுக்கு இன்னும் வரல லா. அத்தைக்கு ரொம்பக் குளிருது..."

அதோடு தொடர்பு அறுந்துபோனது. குகன் தலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். புனிதா கருவிப்பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைத்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்பது குகனுக்கு ஸ்பானரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சிவசம்புவை அழைத்தார்கள். ரயில் ஓடவில்லை, அவரால் வர முடியாது. ஃபில்டருக்கு வரும் குழாயின் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் காற்று உள்ளே போகும் என்று அவளே சொன்னாள். அவர் மறுக்கவில்லை. "கால் சுற்று. கூடப் போனால் அரைச் சுற்று. அதுக்கு மேல திறந்தால் இஞ்சின் செத்துப் போகும். காற்று உள்ள போகப் போக, ஓராள் டீசல் தள்ளுற கைப்பம்பை அடிச்சுக்கொண்டே இருக்கவேணும்." அந்த ஓராள் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேபினுக்கும் பின்னால் சாமான் ஏற்றும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடுக்கில், இஞ்சினுக்குப் பக்கத்தில், குகன் தன் இடுப்பைக் கயிற்றால் சட்டத்தோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

தாமானின் முகப்பில் சாலை முடிந்து தண்ணீர் தொடங்கியது. கார்களின் கூரைகள் மட்டும் தெரிந்தன. குகன் போல்ட்டைக் கால் சுற்றுத் திறந்தான். லோரி இருமியது, முனகியது, எழுந்தது. தண்ணீருக்கு மேலே அதிகமாக எழுந்தால் சக்கரம் வெறுமனே சுற்றும், குறைந்தால் மூழ்கும். டயரின் அடி மட்டும் நீரைத் தொடுகிற உயரத்தில் நிறுத்தினால் பின்டயர்கள் துடுப்புப் போட்டு லோரியைத் தள்ளிக்கொண்டு போயின. இதை இரண்டு பேரும் முதல் வளைவுக்குள் கற்றுக்கொண்டார்கள். புனிதா "மேல" என்றால் குகன் திறந்தான், "கீழ" என்றால் இறுக்கினான். மற்ற நேரமெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பம்பை அடித்தான். ரப்பர் படகில் வந்துகொண்டிருந்த மீட்புக்காரர்கள் கை காட்டி வழிவிட்டார்கள். அடுத்த வரிசையில் சீக்காளி ஒருவர் இருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் மலாயில் கத்தினார்.

தாமரையையும் அவள் கணவனையும் மாமியாரையும் ஓட்டிலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறக்கினார்கள். தாமரை அண்ணனைப் பார்த்தாள். தரைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. திரும்பிவிடலாம்தான், யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அடுத்த ஓட்டிலிருந்து ஒருவர் கை நீட்டினார், அதற்கடுத்த ஓட்டிலிருந்து இன்னொருவர். சீக்காளியாக இருந்த சீனப் பெரியவரைப் போர்வையோடு தூக்கினார்கள். அவர் பறவைக்கூண்டை விடவில்லை. மலாய்க்கார அம்மா ஒருவர் துணிக்கூடை நிறையப் பூனைகளோடு வந்தார். இராஜம்மா என்ற தையல்காரி, இயந்திரத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஓட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். அதுதான் தன் சோறு என்றாள். புனிதாவுக்கு அந்தப் பேச்சு நன்றாகவே விளங்கியது. இயந்திரமும் ஏறியது.

ஆள் ஏற ஏற லோரி தாழ்ந்தது. "மேல... இன்னும் மேல," என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், குகனும் திறந்துகொண்டே வந்தான். அரைச் சுற்று எப்போது தாண்டியது என்று இருவருக்கும் தெரியாது. பந்து விளையாடும் திடலுக்கு மேலே, ஆற்றின் இழுப்பு தெரிகிற இடத்தில், இஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றது.

அப்போதுதான் மழையின் சத்தமே கேட்டது. இஞ்சின் நின்றால் லோரி மெதுவாகத்தான் இறங்கும். அந்த மெதுவான நேரம் ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்தது. பெட்டிக்குள் யாரோ, கனமான சாமானைத் தூக்கிப் போடுங்கள் என்று கத்தினார்கள். இராஜம்மாவே எழுந்து தன் இயந்திரத்தைக் கட்டிப் பிடித்து விளிம்புக்கு நகர்த்தினாள். புனிதா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"வேணாங்க்கா, வைங்க! எடை இல்ல பிரச்சின. காத்து!"

தொழிற்சாலையிலும் சரி, சாலையிலும் சரி, அவளுக்கு வாய்த்த ஒரு குணம் இது. எல்லாரும் ஒரே நேரத்தில் பத்துக் காரணம் சொல்லும்போது அவள் ஒன்றைத்தான் பார்ப்பாள். போல்ட்டை முழுக்க இறுக்கச் சொன்னாள். ஃபில்டரின் மேலிருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, உள்ளே சேர்ந்த காற்று முழுவதும் வெளியே போகும்வரை பம்பு அடிக்கச் சொன்னாள். தண்ணீர் அந்தத் திருகை எட்டிவிட்டால் டீசலுக்குள் தண்ணீர் போகும், அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. குகனின் முழங்காலைத் தண்ணீர் தொட்டது, பிறகு இடுப்பைத் தொட்டது. பார்த்துச் செய்ய நேரமில்லாமல் திருகின் மேல் கட்டைவிரலை வைத்து உணர்ந்தான்.

"குமிழி தட்டுது," என்று கத்தினான். "இன்னும் தட்டுது... தட்டுது..." பெட்டிக்குள் பூனைக்கார அம்மா தாழ்ந்த குரலில் ஓதத் தொடங்கினார். தாமரையின் மாமியார் முருகனைக் கூப்பிட்டார். "நின்னுருச்சு! டீசல்தான் வருது! ஸ்டார்ட் அடி, புனிதா, அடி!"

அவள் சாவியைத் திருப்பினாள். முதல் முறை இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இரண்டாவது முறை ஒரே ஒரு வெடிச் சத்தம். மூன்றாவது முறை திடல் முழுவதும் வெள்ளைப் புகையாகி, லோரி உடம்பை உதறி உறுமியது. குகன் போல்ட்டைக் கால் சுற்று மட்டும் திறந்தான். பூனைகளும் பறவையும் தையல் இயந்திரமும் இத்தனை மனிதர்களும் சேர்ந்த அந்தக் கனம், தண்ணீர் சொட்டச் சொட்டத் தாமரை இலையைப் போல மேலே வந்தது. குகன் கண்ணைத் திறந்திருந்தான் என்பதை அவனே பிறகுதான் உணர்ந்தான்.

அன்று சாயங்காலம் வரை பல தடவை போய் வந்தார்கள். அதன்பின் அரைச் சுற்றை ஒருமுறைகூடத் தாண்டவில்லை. மேடான பள்ளி ஒன்றில் எல்லாரையும் இறக்கினார்கள். கடைசியாகத் திரும்பி வந்தபோது பள்ளி வாசலில் நின்றவர்கள் கைதட்டவில்லை, ஆரவாரம் செய்யவில்லை. ஒவ்வொருவராக வந்து லோரியின் ஈரமான பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போனார்கள். சீனப் பெரியவர் புனிதாவிடம் ஆங்கிலத்தில் "குட் டிரைவர்" என்றார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். எத்தனையோ வருஷமாக யாரிடமும் கேட்காமல் காத்திருந்த இரண்டு சொல் அது.

தண்ணீர் வடிந்து ரயில் ஓடத் தொடங்கியதும் சிவசம்பு வந்தார். பம்பைத் தடவிப் பார்த்தார். குகனின் கொப்பளம் வெடித்த உள்ளங்கையையும் பார்த்தார். "இனி ஸ்பானர் பிடிச்சுக்கொண்டு தொங்க வேண்டாம்," என்று சொல்லி, ஒரு பித்தளைத் திருகு வால்வைப் பொருத்தி அதன் கைப்பிடியைக் கேபினுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு முதல்முறையாக அவர் சட்டையில் டீசல் கறை பட்டது. அவர் துடைக்கவில்லை. அதே சட்டையோடு ரயிலேறிப் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெரு முழுக்க நடந்தாராம். குகன் கிரேன் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தான். ஏறிப் பார்த்தான், பயம் போயிருந்தது. ஆனால் அங்கே மேலே பேசுவதற்கு ஆளில்லை என்று இறங்கி வந்துவிட்டான். இப்போது விடுமுறை நாட்களில் புனிதாவோடு லோரியில் போகிறான். மழைக்காலத்தில் தாமான்களிலிருந்து அழைப்பு வந்தால் இருவரும் போகிறார்கள். ஊர் அதை ஆம்புலன்ஸ் போகிற மாதிரிதான் பார்க்கிறது.

போன மாதம் ரவாங்குக்கு ஓடு ஏற்றிக்கொண்டு போனபோது, நெடுஞ்சாலையில் விபத்து என்று வண்டிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றிருந்தன. வெயில் கேபினை வேகவைத்தது. குகன் பித்தளைக் கைப்பிடியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"லேசாத் திறந்தா மேலயே போயிரலாமே?"

புனிதா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே வைத்துக்கொண்டாள்.

"வெள்ளமா வந்திருக்கு? ஜாம்தானே லா," என்றாள்.

முன்னால் இருந்த கார் கொஞ்சம் நகர்ந்தது. அவளும் முதல் கியரைப் போட்டு, அவ்வளவே நகர்ந்தாள்.